மாலை விழுந்த முகம்

ஹாலுக்குச் செங்கல் நிறம் அடித்தார்கள். சோபாவுக்குக் காவி உறை போட்டார்கள். காலமான பெரியவரின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பதினோரு வருஷம் சுமந்த சுவர் ஆணி, பெயின்ட் காயட்டும் என்று காத்திருந்தது.

வந்து தொங்கியதோ ஒரு சுடுமண் முகமூடி.

"படம் எங்கே?" என்றது ஆணி.

"பரணில் போட்டாச்சு. இந்த நிறத்தோடு அது ஒட்டவில்லையாம்" என்றது முகமூடி.

"திவசம் வரட்டும், தேடுவார்கள் பார்."

திவசமும் வந்தது. பெரியவரின் மகன் சாமந்தி மாலையோடு வந்து பரணை அண்ணாந்து பார்த்தார். ஏணி போடச் சோம்பல். மாலையை முகமூடிக்கே போட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"சுவருக்கு என்ன எடுப்பா இருக்கு!" என்றாள் மனைவி.

"இவர் யாருடைய மகன்?" என்று முகமூடி கேட்டது.

சொல்ல வெட்கப்பட்டு, ஆணி சுவருக்குள் இன்னும் கொஞ்சம் போனது.