காலி இடம்

மின்விசிறி வரைபடங்களை நிம்மதியாகப் படுக்க விடவில்லை. நகரமைப்பு அலுவலக மேசையில் இரண்டு கிடந்து படபடக்கின்றன. ஒன்று, புதுக் கட்டடங்களை எங்கே எழுப்பலாம் என்று பார்க்க, சரிவு, மண், சாலைத் தூரம் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிற பழைய முறையில் வரைந்தது. மற்றது, ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, யாருக்கு எந்த இடம் முக்கியமோ வரைபடத்தில் அங்கே பொட்டு ஒட்டச் சொன்ன புது முறையில் வரைந்தது. எந்த முறை மேல் என்று சொல்ல வேண்டியவள் பேனா மூடியைக் கழற்றுகிறாள், மாட்டுகிறாள், மறுபடி கழற்றுகிறாள். மற்ற இடங்களிலெல்லாம் கீரியும் பாம்புமாக நிற்கிற இரண்டும், ஆற்றோரமாக மஞ்சள் தீட்டிய நிலத்துண்டில் மட்டும் கைகோர்த்துக்கொண்டு காலி இடம் என்கின்றன. சமதளத்துக்கு முழு மதிப்பெண். பொட்டு ஒன்றுகூட இல்லை. "ரெண்டும் ஒண்ணையேதான் சொல்லுது, அப்புறம் என்னம்மா குழப்பம்?" மேலதிகாரி கடிகாரத்தைப் பார்க்கிறார். அவள் எழுந்து ஜன்னலுக்குப் போகிறாள். வெளியே தூறல். அதே ஆற்றோரத்தில், மதிப்பெண்ணில் வராத தகரக் கூரைகளுக்கு நடுவே, ஒருத்தி கொடியில் காய்ந்த துணிகளை வாரி அணைத்துக்கொண்டு ஓடுகிறாள். "இவங்களைப் பொட்டு ஒட்டக் கூப்பிட்டோமா சார்?" "வீட்டு வரி கட்டுறவங்களைத்தானேம்மா கூப்பிட்டோம்." பேனா மூடி கைநழுவித் தரையில் உருள்கிறது. அவள் குனியவில்லை. "அப்ப இது காலி இடம் இல்ல சார். நாம காலி பண்ணப்போற இடம்."