துணிக்குப் பின்பக்கம்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குப் பயாஸ்கோப்பு வந்தபோது துரையும் கணக்கப்பிள்ளைமாரும் வெள்ளைத் துணிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிச் சனங்களுக்குப் பின்பக்கம். துணியைத் தண்ணீரில் நனைத்துக் கட்டியிருந்ததால் அங்கேயும் படம் தெரிந்தது, இடம் வலம் மாறி.

படத்தில் ராணியாக வந்தவள் பேச்சியின் மகள் கருப்பாயி. நாடகக் கோஷ்டியோடு மதராசுக்குப் போய், பயாஸ்கோப்பில் பேரெடுத்து, போன தையில் காய்ச்சல் கண்டு செத்துப்போனாள். சேதி மட்டும்தான் தோட்டத்துக்கு வந்தது.

"மூஞ்சியில என்னா களை பாரு, பேச்சி!" என்றாள் பக்கத்திலிருந்த குருவம்மா.

ஆனால் பேச்சியின் கண்ணுக்கு மட்டும் தெரிந்ததெல்லாம் மகளின் முதுகும் சடையும்தான். பின்னால் உட்கார்ந்தால் முதுகுதானே தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான் பொறுக்க முடிந்தது.

"கருப்பாயி, இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பு தாயி," என்றாள் மெதுவாக.

துணிக்கு முன்னாலிருந்து கணக்கப்பிள்ளையின் சத்தம் கேட்டது. "என்னப்பா இது, ராணி நமக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது?"

பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். கிரீடத்துக்குக் கீழே, மகளின் நெற்றியில், கொழுந்துக்கூடைக் கயிறு அழுத்திய தழும்பு அப்படியே இருந்தது.