ஒரு கீறல்கூட இல்லை

“பத்து முப்பத்தஞ்சுக்கு வாரேன்னார். பத்து முப்பத்தஞ்சுக்கே வந்துட்டார் பாரு” என்றார் பாலகணேஷ், வாசலை எட்டிப் பார்த்து.

“வரச் சொல்லுங்க. கேள்வி நான்தான் கேப்பேன். நீங்க நடுவுல வராதீக” என்றாள் சிவரஞ்சனி.

பாலகணேஷ் அவள் கணவர். ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்து முன்னுக்கு வந்தவர். போன மாதம் எட்டுப் பேர் உட்காரும் ஜெட் விமானம் ஒன்றை ஏலத்தில் எடுத்து மதுரையில் நிறுத்தியிருந்தார். விமானத்துக்கு வயது நாற்பத்திரண்டு. மகளைக் கொடுத்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் சம்பந்தி வீட்டாரை வரும் ஞாயிற்றுக்கிழமை அதில் ஏற்றித் திருப்பதிக்குக் கூட்டிப் போவதாக அவர்கள் குடியிருக்கும் மடவார் வளாகம் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஓட்டத்தான் ஆள் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சம்பந்தி ஒரு வேனுக்குச் சொல்லி வைத்திருப்பதாகக் கேள்வி. அந்த வேனில் ஏறினால் அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தலைகாட்ட முடியாது.

விமானியைச் சிவரஞ்சனிக்குப் பிடிக்க வேண்டும். அவள் ஏறாவிட்டால் சம்பந்தியம்மாளும் ஏறமாட்டாள்.

மூன்று பேரை ஏற்கெனவே கழித்துவிட்டாள். முதல் ஆள், நடுவானில் எஞ்சின் நின்றுபோயும் பத்திரமாகத் தரையிறக்கியவர். இரண்டாமவர் மின்னல் தாக்கிய விமானத்தை இறக்கியவர். மூன்றாமவர் புயலிலிருந்து மீண்டவர்.

“இம்புட்டுப் பேர் ஓட்டுறாக. இவுகளுக்கு மட்டும் ஏன் இப்படி நடக்குது? ராசியில்லாத ஆளுக” என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

நான்காமவர் கேப்டன் சோலைராஜ். தளவாய்புரத்துக்காரர். வடக்கே ஒரு சிமெண்ட் முதலாளியிடம் இதே ரக ஜெட்டுக்கு விமானியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு பட்டை. சிவரஞ்சனி நீட்டிய காபியை எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

“பழைய வண்டி கேப்டன்” என்றார் பாலகணேஷ்.

“விழுந்தா கட்டுறதுக்குத் துணி நம்மகிட்டயே இருக்கு. அந்தத் தைரியம் இவுகளுக்கு” என்றாள் சிவரஞ்சனி.

கேப்டன் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“இடது எஞ்சினைத்தான் மொதல்ல கெளப்பணும். பத்து சதவீதம் சுத்துன பொறவுதான் பியூயலைத் தொறக்கணும். அவசரப்பட்டா சூடு எகிறிரும். கதவுக்கு மூணு கொக்கி. மூணாவது விழாது. முழங்காலை வச்சு ஒரு அமுக்கு அமுக்கணும். மூக்குச் சக்கரம் இடப்பக்கமா இழுக்கும். பிரேக்கை ஒரே மிதியா மிதிச்சா புகைஞ்சிரும். விட்டு விட்டு மிதிக்கணும்.”

பாலகணேஷுக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்றாவது கொக்கி அவருடைய விமானத்திலும் விழவில்லை.

சிவரஞ்சனி கொக்கியைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“எத்தனை வருசம் ஓட்டுனீக?”

“பதினோரு வருசம்மா.”

“எஞ்சின் கிஞ்சின் நின்னிருக்கா?”

“நான் நிறுத்துனாத்தான் நிக்கும்.”

“இடி, மின்னல்?”

“எங்க பக்கமே வந்ததில்ல.”

“நடுவுல எதுவும் மோதி…?”

கேப்டன் யோசித்தார்.

“ஒரே ஒருக்க நாய் குறுக்க வந்துச்சும்மா. பிரேக்கைப் பிடிச்சேன். அதுபாட்டுக்குப் போயிருச்சு.”

“நம்ம ஊரு நாயா இருந்தா வெரட்டியிருக்கும்” என்றார் பாலகணேஷ். இருவரும் அவரைப் பார்க்கவில்லை.

“உங்க மொதலாளிக்குக் காது அடைக்குமா? வாந்தி வருமா?”

“ஒருநாளும் கெடையாது. கையில காபி டம்ளரோட உக்காந்திருப்பாக. ஒரு சொட்டுச் சிந்தாது. ஏறும்போது எப்படி இருந்தாகளோ எறங்கும்போதும் அப்படியே இருப்பாக.”

“அவுக வீட்டம்மா?”

“அவியளும் வருவாக. பின் சீட்ல தூங்கிருவாக. எறங்கணும்னு எழுப்புனாக்கூட, செத்த நேரம் இருங்கம்பாக.”

சிவரஞ்சனியின் முகம் தளர்ந்தது. பதினோரு வருடத்தை மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தவள்போல இருந்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினாள்.

பாலகணேஷ் அந்த இடத்திலேயே சம்பந்திக்குப் போன் போட்டார். “வேனை வேண்டாம்னு சொல்லிருங்க. ஆமா, இப்பவே சொல்லிருங்க. கேப்டன் எதிர்லதான் இருக்காக. பதினோரு வருசத்துல ஒரு கீறல் இல்ல. ஏழு மணிக்கெல்லாம் மதுரை வந்துருங்க.” குரல் தானாக உயர்ந்தது. வேலைக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கேப்டன் தம் சான்றிதழ் ஃபைலை மூடி நாடாவைக் கட்டினார்.

“ஞாயித்துக்கெழமை ஏழு மணிக்குத் தயாரா இருப்பேன்” என்று எழுந்தார்.

சிவரஞ்சனிக்கு இப்போது ஆசை பிறந்துவிட்டது. “மேல இருந்து பாத்தா, நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் தெரியுமா கேப்டன்? பெருமாளை ஒரு கும்பிடு போட்டுக்கிடலாம்.”

“மேல இருந்தா?”

கேப்டன் அவளைப் பார்த்தார். பிறகு பாலகணேஷைப் பார்த்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

“எங்க மொதலாளிக்கு ஒசரம்னா ஆகாதும்மா. வெள்ளிக்கெழமை தவறாம ஏறி உக்காருவாக. ரன்வேயோட அந்தக் கோடி வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பிருவோம். பதினோரு வருசமும் அம்புட்டுத்தான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்க மேல வேற போவீகளா?”