வருத்தக்காரருக்குக் கூடுதல் பென்சன்

"நெஞ்சைப் பிடியுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? நீங்கள் என்னெண்டால் கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்!"

கலாதேவி தம் கணவரின் காதோரம் குனிந்து சீறினார். ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஓர் இதய மருத்துவரின் காத்திருப்பு அறை அது. எதிரே இருந்த ஜெர்மானிய முதியவர்களுக்குத் தமிழ் புரியாது என்று தெரிந்திருந்தும், அவர் குரலை உயர்த்தவில்லை.

"இடது கை உளையுது, கலா," என்றார் கணேசலிங்கம் மெதுவாக, வலித்த கையைத் தடவியபடி.

"கை உளைஞ்சால் ஆர் பென்சன் கூட்டித் தருவினம்? இருதய வருத்தம் எண்டெல்லோ எழுதிக் குடுத்தனாங்கள்!"

லண்டனில் ஒரு பேரங்காடியின் களஞ்சியத்தில் மூட்டை சுமந்த காலமெல்லாம் கணேசலிங்கத்தின் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஓய்வூதியப் பணம், அங்கே ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருந்தது. அதனை ஆயுள் உள்ளவரை மாதாமாதம் பெற்றுக்கொள்ளலாம். ஆனால், அந்த நிறுவனம் அறிவித்த மாதத் தொகையைக் கேட்ட அன்று கலாதேவிக்குக் கண் இருண்டுவிட்டது. முதுமையில் மகளின் அருகில் இருக்கலாம் என்று முன்பு வாழ்ந்த டோர்ட்மண்டுக்கே திரும்பி வந்தவர்களுக்கு, அத்தொகை வீட்டு வாடகையில் பாதிக்கும் போதாது.

அப்போதுதான் லண்டனிலிருந்து, கணேசலிங்கத்தோடு முன்பு களஞ்சியத்தில் வேலை செய்த அரியரத்தினம் தொலைபேசியில் ஒரு வழி சொன்னார். "அக்கா, வருத்தக்காரருக்கு, நோய் உள்ள ஆக்களுக்கு, அவங்கள் கூடக் குடுப்பாங்கள். கனகாலம் இருக்கமாட்டினம், கன வருசத்துக்குக் குடுக்கத் தேவையில்லை எண்ட கணக்கு. அண்ணைக்கு நெஞ்சு நோ எண்டு எழுதி விடுங்கோ. ஆர் வந்து பாக்கப் போறான்?"

பார்ப்பதற்கு ஆள் இருந்தது. இதய மருத்துவர் ஒருவரின் அறிக்கை வேண்டும் என்று நிறுவனம் கேட்டுவிட்டது. அன்று முதல் கலாதேவிக்கு நிம்மதியான உறக்கம் இல்லை. பொய் பிடிபட்டால் கூடுதல் தொகை போய்விடும். கிடைக்கவிருந்த சொற்பத்தையும் நிறுத்திவிட்டால்? பொலிஸ் வருமோ? போதாக்குறைக்கு, விரைவாகக் கிடைத்த டெர்மின் என்கிற சந்திப்பு நேரமும் ஒரு தமிழ்ப் பிள்ளையிடம். டொக்டர் சிவப்பிரியா கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் வருபவர். அவர் கண்டுகொண்டால், தேர் இழுக்கும் நாளில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"இஞ்சாருங்கோ, உள்ளுக்குப் போனதும் மூச்சு வாங்கோணும். நெஞ்சிலை கல்லு வைச்ச மாதிரிக் கிடக்கு எண்டு சொல்லோணும். எங்கை, ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ."

"பல்லும் உளையுது, கலா. கீழ்த்தாடை முழுக்க."

"பல்லு டொக்டரிட்டையே வந்தனாங்கள்? கடவுளே! இந்த மனிசனை வைச்சுக்கொண்டு ஒரு களவும் செய்ய ஏலாது."

கணேசலிங்கத்தின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. கலாதேவி அவசரமாகத் தம் கைக்குட்டையால் ஒற்றினார். "ஏன் இப்பிடி வேர்க்குது? நீங்கள் பயந்து காட்டிக் குடுக்கப் போறீங்கள்."

"வீட்டை போவமே? எனக்குப் படுக்கோணும் போலை கிடக்கு."

"இப்ப எழும்பிப் போனால்தான் சந்தேகப்படுவினம். வாடகையை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோப்பா. இந்தக் கொஞ்ச நேரம்தானே!"

கதவு திறந்தது. "வாங்கோ மாமா, வாங்கோ மாமி," என்று சிவப்பிரியா புன்னகையோடு அழைத்தார். "சொல்லுங்கோ மாமா, என்ன செய்யுது?"

கணேசலிங்கம் மனைவியைப் பார்த்தார். கலாதேவி மேசைக்குக் கீழே அவருடைய தொடையைக் கிள்ளினார்.

"கை உளையுது, பிள்ளை. பல்லு உளையுது. ஓங்காளிக்குது, வயித்தைப் பிரட்டுது."

கலாதேவி இன்னும் அழுத்திக் கிள்ளினார். நெஞ்சைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரே! "இல்லைப் பிள்ளை, அவருக்கு நெஞ்சிலைதான்..." என்று அவர் தொடங்கியதைச் சிவப்பிரியா செவிமடுத்ததாகத் தெரியவில்லை. கணேசலிங்கத்தைக் கட்டிலில் படுக்கவைத்து, சட்டையைத் திறந்து, ஈசிஜி கம்பிகளைப் பொருத்தினார். இயந்திரத்திலிருந்து காகிதம் மெல்ல வெளியே வந்தது.

அதைப் பார்த்ததும் சிவப்பிரியாவின் முகத்திலிருந்த புன்னகை மறைந்தது.

பிடிபட்டுவிட்டோம் என்று கலாதேவி உணர்ந்தார்.

சிவப்பிரியா கதவைத் திறந்து உதவியாளரிடம் ஜெர்மன் மொழியில் உரத்து ஏதோ சொன்னார். பொலிஸுக்குத்தான் அறிவிக்கிறார் என்று நினைத்த கலாதேவி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மாமி, பதறாதேங்கோ. அம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறன். மாமாவுக்கு ஹார்ட் அட்டாக்."

"இல்லைப் பிள்ளை!" கலாதேவி கைகூப்பி அழத் தொடங்கினார். "அது சும்மா நடிப்பு. பென்சனுக்காக நான்தான் சொல்லிக் குடுத்தனான். அவரிலை ஒரு பிழையும் இல்லை, எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இஞ்சாருங்கோ, நடிச்சது காணும், போதும், பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கோ!"

கணேசலிங்கம் சிரமப்பட்டு முகத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"நான் இன்னும் நடிக்கத் தொடங்கேல்லை, கலா."