படத்தில் இருப்பவர்

இணையதளம் உருவாக்குபவர்களுக்குப் பிலோமினா வகுப்பெடுத்தாள். ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறதென்று எழுதி வைத்தால், பார்வையில்லாதவர்களுக்குக் கணினி அதை வாசித்துச் சொல்லும். பிறவியிலேயே பார்வையில்லாத அவளைவிட அதை அழுத்திச் சொல்ல அங்கே ஆளில்லை.

அன்று பயிற்சிக்கு அவள் கொடுத்தது, போன மாதம் இறந்துபோன கணவர் லூர்துசாமியின் படம். போன கிறிஸ்துமஸுக்கு அவளுடைய அண்ணன் குடும்பம் வந்திருந்தபோது எடுத்தது. மாணவன் ஹபீப் எழுதியதைக் கணினி வாசித்தது: “நீலச் சட்டை அணிந்த ஒருவர் கேக் வெட்டுகிறார்.”

“பத்தாது தம்பி. முகம் எப்படி இருக்கு?”

ஹபீப் தயங்கினான். “சிரிக்கிறாரு மேடம். ஆனா கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கு.”

பிலோமினாவின் விரல்கள் மேசைமேல் அப்படியே நின்றன. ஈரல் கெட்டுப்போன விஷயத்தை லூர்துசாமி அவளிடம் சொன்னது சாவதற்குப் பத்து நாள் முன்புதான். தனக்கே இப்போதுதான் தெரியும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“வெளிச்சத்துல அப்படித் தெரியுதோ?”

“இல்ல மேடம். கேக் மேல க்ரீம் வெள்ளையாத்தான் இருக்கு.”

பிறகு கேட்டாள்: “பக்கத்துல இருக்கறவங்க?”

“நாலு பேர் மேடம். யாரும் கேக்கைப் பாக்கல. எல்லாரும் அவரு முகத்தைத்தான் பாக்கறாங்க.”

“அதையும் எழுதுங்க,” என்றாள் பிலோமினா.