கேமராவுக்கு வைத்த பொட்டு

பின்லாந்துப் பள்ளியோடு பேசுவதற்காக ஓடைப்பட்டிப் பள்ளிக்கு வந்திருக்கிற பெரிய திரைக்கு, புது டிராக்டருக்குச் செய்வதுபோலவே மாலை போட்டாகிவிட்டது. சிறப்பு விருந்தினர் செல்வமணி, கேமராவின் கண்ணிலேயே சந்தனமும் குங்குமமும் அப்பிவிட்டு, சர்வதேச ஒத்துழைப்பு பற்றி முழங்கிக்கொண்டிருக்கிறார். திரைக்குள், பனி வெளுத்த சன்னலோரம் அந்நாட்டுப் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கி இவர்களைத் தேடுகிறார்கள். எட்டாம் வகுப்பு முனீஸ்வரி திராட்சைக்கன்றுத் தொட்டியை அணைத்தபடி நிற்கிறாள். இரு பள்ளிகளும் சேர்ந்து செய்த கருவி அதில் செருகியிருக்கிறது. இங்கே மண் நனைந்தால் அங்கே மேசைமேல் பச்சை விளக்கு எரிய வேண்டும். அங்கே வகுப்பு முடிய மணியடிக்கப் போகிறது. "டீச்சர், அவுகளுக்கு நம்மளத் தெரியல. பொட்ட அழிச்சிரவா?" "ஐயா வச்சதாச்சே, ஆத்தா!" ஹேமாவதி டீச்சர் கையைப் பிசைகிறார். முனீஸ்வரி தொட்டியை இறக்கிவைத்து, பெஞ்சில் ஏறித் துப்பட்டாவால் துடைத்தேவிடுகிறாள். முழக்கம் நின்றுபோகிறது. அங்கே முகங்கள் மலர்கின்றன. அவள் தொட்டியில் ஒரு கை தண்ணீர் விடுகிறாள். அந்த வெள்ளைப் பனிக்கு முன்னால் பச்சையாக ஒரு பொட்டு வெளிச்சம். "தண்ணி இங்கன, வெளக்கு அங்கனயா!" என்று வியந்த செல்வமணி பேச்சுத்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தமக்கு வைத்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுகிறார். "இன்னுங் கொஞ்சம் ஊத்து, ஆத்தா."