பாண்டியர் காலத்துப் பொய்மீன்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் கப்பல்களுக்கு அரிசி, பருப்பு சப்ளை செய்யும் மகாராஜன், வருகிற ஞாயிற்றுக்கிழமை 'தொல்லியல் திலகம்' ஆகவிருந்தார். மண்டபம் பேசியாயிற்று. பொன்னாடையையும் தானே வாங்கி வைத்துவிட்டார். பட்டம் கொடுக்கும் சங்கத்தின் தலைவரும் அவரே என்பதால் போட்டி பலமாக இல்லை.

பட்டத்துக்குக் காரணம், வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத்துணியில் கிடந்த ஒரு விரல் நீளப் பொய்மீன். முத்துச்சிப்பி ஓட்டை மீன் மாதிரி செதுக்கி, வாலில் செம்பு முள் கோத்தது. படகுக்குப் பின்னால் கட்டி இழுத்தால், நிஜ மீன் என்று நம்பிச் சீலா மீன் வந்து கவ்வும். பாண்டியர் காலத்துப் பொருள் என்று மகாராஜன் அழைப்பிதழே அடித்துவிட்டார்.

உண்மையில் அது ஆலந்தலை மீனவர் பிரைட்டன் போன மாசியில் செய்து கொடுத்தது. பழமை மட்டும் மகாராஜனின் சொந்தக் கைவேலை.

அதனால்தான், "பொய்மீனோட பூர்வீகத்தை ஆராய்ச்சி பண்ண வந்திருக்கேன்" என்று பூதக்கண்ணாடியும் ஜிப்பாவுமாகச் சென்னையிலிருந்து ஒருவர் வந்து நின்றதும் மகாராஜன் கண்ணாடிப் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். பெயர் சிவப்பிரகாஷ். இந்த ஆள் 'போலி' என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊரே சிரிக்கும். போன வருஷம் ஓர் உடைந்த பானைக்காக 'வரலாற்று வேந்தர்' ஆன மச்சான் வீரபாகு முதல் ஆளாகச் சிரிப்பான்.

சிவப்பிரகாஷ் பொய்மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க கிடைச்சது அண்ணாச்சி?"

"எங்க பாட்டன் பூட்டன் சொத்து."

"அப்போ மிஞ்சிப் போனா நூறு வருஷம்." பூதக்கண்ணாடி உறைக்குள் போனது.

"அதாவது, பாட்டன் கொற்கைக் கடற்கரையில கண்டெடுத்தது."

"கொற்கையை விட்டுக் கடல் தள்ளிப் போயி எவ்வளவோ காலம் ஆச்சே?" பையின் ஜிப்பை இழுத்தார்.

மகாராஜன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். "உங்ககிட்ட மறைப்பானேன் சார். ஆதிச்சநல்லூர் பரம்பு மேட்டுல, முதுமக்கள் தாழிக்குள்ள இருந்துச்சு."

ஜிப் நின்றது. "தாழிக்குள்ளயா! யார் எடுத்தது?"

"யாரா? நான்தான். இந்தக் கையால."

"கூட ஆள் யாரும்?"

"ஆள வச்சா தாழிய உடைச்சிருவானுவ சார். ஒத்தையில தோண்டுனேன்."

காபியோடு வந்த மனைவி முருகேஸ்வரி அப்படியே நின்றாள். "நீங்களா? கேஸ் சிலிண்டர நகத்துனதுக்கே இடுப்பு புடிச்சிப் படுத்துக் கெடந்தியளே!"

"ஏளா, உள்ள போ. வரலாறு பேசிக்கிட்டு இருக்கோம்."

சிவப்பிரகாஷ் செல்போனை எடுத்தார். "இதைக் கேமராவுல ஒரு தடவை சொல்லுங்களேன்."

மகாராஜன் பொன்னாடையை எடுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னார். வேலி இருந்திருக்குமே என்று சிவப்பிரகாஷ் ஆவலாகக் கேட்டதும், வேலியையும் வெட்டினார்.

"சந்தேகமே இல்லை. அசல்."

மகாராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணில், சிவப்பிரகாஷ் நீட்டிய அடையாள அட்டையைப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இன்ஸ்பெக்டர் என்று போட்டிருந்தது.

"பாதுகாக்கப்பட்ட இடத்துல வேலியை வெட்டி, புராதனப் பொருளைத் தோண்டித் திருடியிருக்கீங்க. ஜீப்புல ஏறுங்க."

முருகேஸ்வரி ஓடிவந்தாள். "ஐயா, இதுல என்ன திருட்டு? ஆலந்தலை பிரைட்டன் செஞ்சது இது! எங்க வீட்டு டீச் சட்டியிலதான் வாரக்கணக்கா ஊறுச்சு. சட்டியில இன்னும் சிப்பி வாடை போகல!"

இன்ஸ்பெக்டர் மகாராஜனைப் பார்த்தார். "அம்மா சொல்றது நிஜமா? போலின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தப் பிரைட்டனை விசாரிச்சுட்டு உங்களை விட்டுடுறேன்."

மகாராஜன் யோசித்தார். ஒரு பக்கம் ஜெயில். மறுபக்கம் வீரபாகு.

"அவளுக்கு வரலாறு தெரியாது சார்" என்றார்.

"ஏங்க, ஒத்த வார்த்தைதான, சொல்லித் தொலைங்களேன்!"

"பிரைட்டனா? அது யாரு?" என்றபடி மகாராஜன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

வாசலில் தெருவே கூடியிருந்தது. "தாழிக்குள்ள இருந்து எடுத்தாராம்லே! பாண்டியன் காலத்துப் பொருளாம்!" என்று யாரோ சொன்னது காதில் விழ, அவர் நடையைக் குறைத்தார். செல்போனில் படம் எடுத்தவர்களுக்கு நின்று முகம் காட்டினார். பிறகு, மேடை ஏறுகிற மிடுக்கோடு ஜீப்பின் பின்படியில் கால் வைத்தார்.

உள்ளே, இதே மாதிரிப் பொய்மீனை இதே பரம்பில் ஆளுக்கொன்றாகத் தோண்டியெடுத்த நான்கு பேர் பொன்னாடையோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பிரைட்டன் என்ற பெயரை அவர்களில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டதில்லையாம்.